ஒரு விலங்கோட எண்ணிக்கையை எது பிடிச்சு நிறுத்துது? கண்டுபிடிக்கிற வழி

மான் பெருகிடுச்சுன்னா உடனே "அடிச்சு திங்க ஆளில்ல, அதான்"னு ஒரு பதில் ரெடியா வந்துடும். எலி ஜாஸ்தியானா பாம்பையும் ஆந்தையையும் கொன்னுட்டாங்கன்னு சொல்லுவோம். சில இடத்துல இது முழுக்க சரி, சில இடத்துல பாதி சரி, சில இடத்துல சுத்தமா தப்பு. எந்த இடத்துல எதுன்னு பாக்காமலே எல்லாரும் அடிச்சு சொல்றது தான் எனக்கு கவலையா இருக்கு, ஏன்னா இந்த பதிலை நம்பித்தான் எதை சுடணும் எதை கொண்டு வந்து விடணும் எங்க வேலி போடணும்னு முடிவெடுக்கிறாங்க, தப்பா எடுத்தா திருத்த பல வருஷம் ஆகும். அதனால ஒரு கூட்டத்தை உண்மையிலேயே எது கட்டுப்படுத்துதுன்னு எப்படி தேடி கண்டுபிடிக்கிறதுன்னு எழுதுறேன். படிக்கிற பசங்க, பறவை பாக்க போறவங்க, காடு பாதுகாப்புல வேலை செய்றவங்க, யாருக்கு வேணா இது உதவும்.

முதல்ல கேள்வியை சரியா பிடிங்க

எது கொல்லுதுங்கிறது ஒரு கேள்வி, எது கட்டுப்படுத்துதுங்கிறது இன்னொரு கேள்வி. இது ரெண்டையும் கலந்துட்டா மீதி எல்லா வேலையும் வீண்.

டார்வின் ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கார். உலகத்துலயே ரொம்ப மெதுவா பெருகுறது யானை தான், அதுவே ஒரு ஜோடியில ஆரம்பிச்சு தடையே இல்லாம பெருகினா 740, 750 வருஷத்துல கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் யானை உயிரோட இருக்கும்னு. அப்படி எங்கயும் ஆகல. அப்போ எல்லா விலங்குக்கும் ஏதோ ஒரு தடை இருந்தே தீரணும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த தடைக்கு ஒரு குணம் இருக்கணும்: கூட்டம் பெருக பெருக அதோட அழுத்தம் ஏறணும், கூட்டம் குறைஞ்சா அழுத்தமும் விடணும். வெள்ளம் வந்து பாதி அழிஞ்சு போறது சாவு தான், ஆனா வெள்ளம் கூட்டத்துல 100 இருக்கா 1000 இருக்கான்னு பாத்துட்டு வராது, அது எண்ணிக்கையை குறைக்கும், ஒரு அளவுல பிடிச்சு வைக்காது. பசி அப்படி இல்ல. வாய் கூட கூட ஒவ்வொரு வாய்க்கும் கிடைக்கிறது குறையும். நீங்க தேடப் போறது இந்த ரெண்டாவது வகையை.

இங்கயே ஒரு சிக்கலையும் சொல்லிடுறேன், ரெண்டும் சேந்து வேலை செய்யும். ஸ்காட்லாந்து பக்கம் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்துல சோய்னு ஒரு வகை ஆடு மனுஷன் கை படாம சுத்திட்டு இருக்கு, வேட்டையாட எந்த விலங்கும் அங்க இல்ல, 1985லேர்ந்து ஒவ்வொரு ஆடா அடையாளம் போட்டு பின்தொடர்ந்து பாக்கிறாங்க. சில குளிர்காலத்துல பாதிக்கு மேல செத்து விழும். மழையும் காத்தும் தான் காரணம்னு பாத்ததும் சொல்லத்தோணும், ஆனா ஆடு கம்மியா இருக்கிற வருஷத்துல எவ்ளோ மோசமான குளிர்காலம் வந்தாலும் பெரும்பாலானது பிழைச்சுக்குது. கூட்டமும் நிறைஞ்சு வானிலையும் கெட்டா தான் சரிவு. இப்படி ஒரு இடத்துல "வானிலையா, பசியா"ன்னு ஒண்ணை மட்டும் எடுக்க சொன்னா அந்த கேள்வியே தப்பு.

எண்ணுங்க, ஒரே மாதிரி எண்ணுங்க

எந்த பரப்புல இருக்கிற கூட்டத்தை பாக்கிறோம்னு கோடு போட்டுக்கணும். தீவு, ஏரி மாதிரி இருந்தா சுலபம், நடுக்காட்டுல கஷ்டம், ஏன்னா வெளியிலேர்ந்து வர்றதும் வெளிய போறதும் கணக்குல சேரும். பிறப்பு, சாவு, வரவு, போக்கு இந்த நாலு தான் எண்ணிக்கையை மாத்த முடியும், அஞ்சாவதா ஒண்ணு கிடையாது. எந்த காரணத்தை சொன்னாலும் அது இந்த நாலுல எது வழியா வேலை செய்யுதுன்னு கேளுங்க, பதில் சொல்ல முடியலைன்னா அந்த காரணம் இன்னும் முழுசா யோசிக்கப்படலைன்னு அர்த்தம்.

எல்லாத்தையும் ஒண்ணு விடாம எண்ண முடியாது. பிடிச்சு அடையாளம் போட்டு விட்டு திரும்ப பிடிக்கிற முறை ரொம்ப பழசு, இன்னிக்கும் நல்லா வேலை செய்யுது. 50 எலியை பிடிச்சு குறி போட்டு விடுறீங்க, கொஞ்ச நாள் கழிச்சு 40 பிடிக்கிறீங்க, அதுல 10 குறி போட்டது. அதாவது நீங்க பிடிச்சதுல நாலுல ஒண்ணு குறி உள்ளது, அப்போ மொத்த கூட்டம் 200 பக்கம் இருக்கும். நடுவுல நிறைய சாகக்கூடாது, குறி விழுந்துடக்கூடாது, ஒருதடவை மாட்டினது பொறியை கண்டு ஓடக்கூடாது, இதெல்லாம் பாத்துக்கணும். உடம்புல கோடும் புள்ளியும் உள்ள விலங்குக்கு கேமரா வெச்சா பிடிக்கவே வேணாம். புழுக்கையை எண்ணுறது, ஒரே பாதையில நடந்து ரெண்டு பக்கமும் தெரியுறதை தூரத்தோட குறிச்சுக்கிறது, எதுவா இருந்தாலும் சரி. வருஷா வருஷம் ஒரே மாசம், ஒரே முறை, அது தான் முக்கியம். முறையை மாத்திட்டு எண்ணிக்கை மாறிடுச்சுன்னு சொல்றவங்க ரொம்ப பேர்.

எத்தனை வருஷம் வேணும்னு கேட்டா, அந்த விலங்கோட பல தலைமுறை. வோல் மாதிரி சின்ன எலிக்கு சில வருஷம் போதும், மூஸ் மான் மாதிரி பெருசுக்கு பத்து வருஷம் கூட பத்தாது. அமெரிக்காவுல சுப்பீரியர் ஏரியில ஐல் ராயல்னு ஒரு தீவு, அங்க ஓநாயையும் மூஸ் மானையும் 1958லேர்ந்து எண்ணிட்டு வர்றாங்க. முதல் இருபது வருஷம் மட்டும் பாத்திருந்தா ஓநாயும் மானும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி இறக்குதுன்னு எழுதி முடிச்சிருக்கலாம். 1980ல ஓநாய் 50 இருந்துச்சு, ரெண்டே வருஷத்துல 14 ஆயிடுச்சு, காரணம் மான் இல்ல, நாய்க்கு வர்ற பார்வோ வைரஸ் தீவுக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் ஓநாய் கம்மியா இருக்க மான் ஏறிக்கிட்டே போய் 1990கள் நடுவுல சுமார் 2400 ஆகி, கடுங்குளிர், உண்ணி, தீனி பத்தாக்குறை எல்லாம் சேந்து அடிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள சுமார் 500க்கு விழுந்துச்சு. ஓநாய் உள்ளுக்குள்ளயே சேந்து சேந்து ரத்த உறவு நெருங்கி கடைசியில ரெண்டே ரெண்டு மிஞ்ச, 2018லேர்ந்து வெளியிலேர்ந்து புதுசா கொண்டு வந்து விட்டாங்க. ஒரே தீவு, ஒரு வேட்டை விலங்கு, ஒரு பெரிய இரை, இதை விட சிம்பிளான இடம் கிடைக்காது, அங்கயே கட்டுப்படுத்துற கை மாறிக்கிட்டே இருந்திருக்கு.

கிராப் போடும்போது ஒரு பொறி

எண்ணிக்கை கையில வந்ததும் எல்லாரும் செய்றது, ஒவ்வொரு வருஷமும் எத்தனை இருந்துச்சு, அடுத்த வருஷம் எவ்ளோ வளர்ந்துச்சுன்னு புள்ளி வெக்கிறது. எண்ணிக்கை கூடின வருஷத்துக்கு அப்புறம் வளர்ச்சி குறைஞ்சா, ஆஹா, கூட்டம் தன்னைத்தானே நிறுத்திக்குதுன்னு சந்தோஷப்படுறது. கொஞ்சம் பொறுங்க. ஒரு வருஷம் நீங்க தப்பா ஜாஸ்தி எண்ணிட்டா அடுத்த வருஷம் சரியா எண்ணும்போது தானாவே குறைஞ்ச மாதிரி தெரியும், கம்மியா எண்ணிட்டா அடுத்த வருஷம் ஏறின மாதிரி தெரியும். அதாவது எண்ணுறதுல இருக்கிற பிழையே இல்லாத கட்டுப்பாட்டை இருக்கிற மாதிரி காட்டிடும். அதனால ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எவ்ளோ பிழை இருக்கலாம்னு சேத்து எழுதுங்க, கிராப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீங்க, அடுத்து சொல்றதையும் பாருங்க.

உடம்பை படிங்க

எனக்கு இந்த வேலையில ரொம்ப பிடிச்ச பகுதி இது தான். கூட்டம் தன்னோட எல்லையை நெருங்குறப்போ அடையாளம் ஒரு வரிசையில வரும், குறிப்பா பெரிய தாவர உண்ணிகள்ல இந்த வரிசை நல்லா தெரியும். முதல்ல குட்டிங்க சாக ஆரம்பிக்கும். அடுத்து, பெட்டை முதல்முறை குட்டி போடுற வயசு தள்ளிப்போகும். அதுக்கு அப்புறம் வளர்ந்த பெட்டைங்க சில வருஷம் குட்டி போடாம விடும். கடைசியா தான் நல்ல வயசுல இருக்கிற பெட்டைங்க சாகும். ஸ்காட்லாந்துல ரம் தீவுல செம்மானை ஒரு பகுதியில சுடுறதை 1970கள் ஆரம்பத்துல நிறுத்தினப்போ பெட்டை எண்ணிக்கை மளமளன்னு ஏறி அப்புறம் ஒரு அளவுல நின்னுச்சு, அங்கயும் குளிர்காலத்துல குட்டி சாவு கூடினதும் முதல் பிரசவம் தள்ளிப்போனதும் தெளிவா தெரிஞ்சுச்சு. அதனால மொத்த தலையை மட்டும் எண்ணாம எத்தனை பெட்டைக்கு எத்தனை குட்டி, அந்த குட்டியில எத்தனை அடுத்த வருஷம் இருக்குன்னு தனியா குறிச்சுக்கோங்க. மொத்தம் குறைய ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இது சொல்லிடும்.

செத்த உடம்பு கிடைச்சா இன்னும் நல்லது. தொடை எலும்பை உடைச்சு மஜ்ஜையை பாருங்க. கெட்டியா கொழுப்பா இருந்தா அது நல்லா தின்னு இருந்த விலங்கு. ஜெல்லி மாதிரி தண்ணியா கண்ணாடி மாதிரி தெரிஞ்சா உடம்பு தன் கடைசி சேமிப்பு கொழுப்பையும் கரைச்சு சாப்பிட்டிருக்கு, சிங்கம் அடிச்சிருந்தாலும் அது ஏற்கனவே பசியில விழுந்துட்டிருந்த விலங்கு. ஆப்பிரிக்காவுல தான்சானியா பக்கம் செரங்கெட்டி புல்வெளியில செத்த வில்டபீஸ்ட்டை (மாடு மாதிரி இருக்கிற பெரிய மான்) எல்லாம் இப்படி மஜ்ஜை பாத்து பாத்து தான் அந்த கூட்டத்தை பிடிச்சு வெக்கிறது வறண்ட காலத்து புல்லுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க.

வேட்டை விலங்கு மேல பழி போடுறதுக்கு முன்னாடி

செரங்கெட்டி கதையை கொஞ்சம் நின்னு பாக்கலாம், இதுல நிறைய விஷயம் இருக்கு. 1890கள்ல ரிண்டர்பெஸ்ட்னு மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்கா முழுக்க பரவி மாடும் காட்டு விலங்கும் கொத்து கொத்தா செத்துச்சு. அப்புறம் வளர்ப்பு மாட்டுக்கு தடுப்பூசி போட்டு போட்டு 1960கள்ல காட்டு விலங்குலயும் அந்த நோய் மறைஞ்சுச்சு, காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடல, மாட்டுலேர்ந்து வர்றது நின்னதுமே அங்கயும் நின்னுடுச்சு. 1961ல சுமார் 2.5 லட்சமா இருந்த வில்டபீஸ்ட் 1977க்குள்ள 13 லட்சத்தை தாண்டிடுச்சு. அந்த காலம் முழுக்க சிங்கமும் கழுதைப்புலியும் அங்கயே தான் இருந்துச்சு, இரை கூடக்கூட அதுங்க எண்ணிக்கையும் ஏறுச்சு, ஆனா நிறுத்த முடியல. ஏன்னா வில்டபீஸ்ட் மழையை தேடி நடந்துகிட்டே இருக்கும், சிங்கம் தன் எல்லையையும் குட்டியையும் விட்டுட்டு பின்னாடியே போக முடியாது.

ஆனா அதே செரங்கெட்டியில ஒரிபின்னு ஒரு சின்ன மான் இருக்கு, அதுல சாகுறது கிட்டத்தட்ட எல்லாமே ஏதாவது ஒரு வேட்டை விலங்கு வாயில தான். சின்ன உடம்பை குள்ளநரி லேர்ந்து சிங்கம் வரைக்கும் எல்லாராலயும் பிடிக்க முடியும், பெரிய உடம்பை ஒண்ணு ரெண்டு பேரால தான் முடியும். சுமார் 150 கிலோவுக்கு கீழ இருந்தா பெரும்பாலும் வேட்டையில சாவு, அதுக்கு மேல போகப்போக பசியில சாவு, யானை நீர்யானை அளவுக்கு வந்துட்டா வேட்டை கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு 2003ல வெளிவந்த ஆய்வு சொல்லுது. 1980கள்ல வடக்கு பகுதியில சிங்கம் கழுதைப்புலி எல்லாத்தையும் விஷம் வெச்சும் சுட்டும் மனுஷங்க குறைச்சப்போ ஒரிபி, டோப்பி மாதிரி சின்ன, நடுத்தர விலங்கெல்லாம் ஏறுச்சு, ஒட்டகச்சிவிங்கி ஏறல. வேட்டை விலங்கு திரும்ப வந்ததும் அந்த சின்னதெல்லாம் இறங்குச்சு. அப்போ நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி ரொம்ப எளிமை: உங்க விலங்கு எவ்ளோ பெருசு, அதை எத்தனை பேரால பிடிக்க முடியும், அது இடம் மாறி தப்பிக்குமா?

அடுத்த கேள்வி கொஞ்சம் கஷ்டம். வேட்டை விலங்கு தின்னது எப்படியும் சாகப்போறதையா? பால் எரிங்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல அயோவா சதுப்புநிலத்துல மஸ்க்ராட்டுங்கிற நீர்எலியை வருஷக்கணக்கா பாத்தார். மிங்க்னு கீரி மாதிரி ஒரு வேட்டை விலங்கு அதை நிறைய தின்னுச்சு, ஆனா பெரும்பாலும் தின்னது தனக்குன்னு நல்ல இடம் கிடைக்காம அலைஞ்சதையும் அடிபட்டதையும் தான். மிங்க் இல்லைன்னா அதுங்க குளிர்லயோ சண்டையிலயோ நோய்லயோ போயிருக்கும். அங்க மிங்க்கை எடுத்துட்டா எலி பெருகும்னு எதிர்பாத்தா ஏமாற்றம் தான். இதை எப்படி சோதிக்கிறது? அடிபட்டு செத்ததோட வயசு, கொழுப்பு, காயம், புழு இதெல்லாத்தையும் அதே கூட்டத்துல உயிரோட இருக்கிறதோட ஒப்பிட்டு பாருங்க. சாகுறது எல்லாம் கிழடும் நோஞ்சானும்னா வேட்டைக்கு பெரிய பங்கு இருக்காது. நல்ல வயசுல திடமா இருக்கிற பெட்டைங்க விழுந்தா நிலைமை வேற.

வேட்டை விலங்கு கொல்லாமலே குறைக்கவும் செய்யும், இதை ரொம்ப பேர் விட்டுடுறாங்க. கனடாவோட மேற்கு கடற்கரையில சாங் ஸ்பேரோங்கிற சின்ன குருவியோட கூட்டுக்கெல்லாம் வலையும் மின்வேலியும் போட்டு எதுவும் கிட்ட வர முடியாதபடி பண்ணிட்டு, கழுகு, ரக்கூன் மாதிரி எதிரிங்க சத்தத்தை மட்டும் ஸ்பீக்கர்ல போட்டாங்க. இன்னொரு பக்கம் ஆபத்தில்லாத சத்தம். எதிரி சத்தம் கேட்ட குருவிங்க அந்த சீசன்ல வளத்த குஞ்சு 40 சதவீதம் கம்மி. 2011ல வந்த ஆய்வு இது. முட்டை குறைவா போட்டுச்சு, தீனி கொண்டு வர்றது குறைஞ்சுச்சு, கூட்டுலயே உக்காந்து பயந்துட்டு இருந்துச்சு. அதனால எத்தனை செத்துச்சுன்னு மட்டும் எண்ணி வேட்டையோட பங்கை அளந்தா கம்மியா தான் வரும்.

பசியை எப்போ பாக்கணும்

வருஷம் முழுக்க பச்சையா இருக்கு, அப்புறம் எப்படி தீனி பத்தலைன்னு சொல்லலாம்னு கேப்பாங்க. வருஷத்துலயே மோசமான மாசத்துல போய் பாருங்க, அந்த மாசத்துல என்ன மிஞ்சுதோ அது தான் அளவு. இன்னொன்னு, பச்சையா தெரியுறது எல்லாம் தீனி இல்ல, முத்தின இலையில சத்து இருக்காது, விஷம் வெச்சிருக்கும், நார் ஜாஸ்தியா இருக்கும். மேய்ச்சல் படாம கொஞ்ச இடத்துக்கு வேலி போட்டு வெளியிலயும் உள்ளயும் வளர்றதை ஒப்பிட்டா ரொம்ப தெளிவா தெரிஞ்சுடும்.

பசி லேட்டா அடிக்கும்ங்கிறதையும் மனசுல வெச்சுக்கணும். அலாஸ்காவுக்கு மேற்க பெரிங் கடல்ல செயின்ட் மேத்யூ தீவுல 1944ல 29 ரெயின்டீர் மானை கொண்டு போய் விட்டாங்க. வேட்டை விலங்கு கிடையாது, தரை முழுக்க மெத்தை மாதிரி லைக்கன், அதாவது பாசியும் பூஞ்சையும் சேந்து வளர்ற ஒரு உயிரி. 1957ல 1350, 1963ல 6000. அந்த லைக்கன் வளர பல வருஷம் ஆகும், அதுங்க தின்னு தீத்தது வருஷ வருமானத்தை இல்ல, பல காலத்து சேமிப்பை. 1963-64 குளிர்காலம் கடுமையா வந்துச்சு, 1966ல போய் பாத்தப்போ 42 தான் உயிரோட இருந்துச்சு, அதுல ஒண்ணு மட்டும் ஆண், அதுவும் கொம்பு சரியா வளராதது. 1963ல ஒருத்தர் போய் தலையை மட்டும் எண்ணியிருந்தா அமோகமா இருக்குன்னு தான் எழுதியிருப்பார். மானோட உடம்பு எடை அப்பவே குறைஞ்சிருந்துச்சு, குட்டியும் குறைஞ்சிருந்துச்சு. முன்னாடி சொன்ன வரிசையை இங்க வெச்சு பாருங்க.

நோயும் ஒட்டுண்ணியும்

நோய் கூட்டத்தோட நெருக்கத்தை பொறுத்து பரவும், அதனால கட்டுப்படுத்துற தகுதி அதுக்கு நல்லாவே உண்டு. ஆனா நோய் இருக்குங்கிறதும் நோய் கட்டுப்படுத்துதுங்கிறதும் ஒண்ணு இல்ல, எல்லா காட்டு விலங்குலயும் புழு இருக்கும். சோதிக்கிற வழி, மருந்து கொடுத்து பாக்கிறது. வட இங்கிலாந்துல ரெட் கிரவுஸ்னு ஒரு பறவை சில வருஷத்துக்கு ஒருதடவை பெருகி பெருகி சரியும். குடல்புழு தான் காரணமான்னு பாக்க சரிவு வரப்போற நேரத்துல பறவைகளை பிடிச்சு புழு மருந்து கொடுத்தாங்க, கொடுத்த இடத்துல சரிவு ரொம்ப குறைஞ்சுச்சு, கொடுக்காத இடத்துல வழக்கம்போல விழுந்துச்சு. 1998ல வந்த ஆய்வு இது. அந்த புழு பறவையை நேரா கொல்றதை விட முட்டை, குஞ்சு எண்ணிக்கையை குறைக்குது, அதனால செத்த பறவையை மட்டும் தேடினா இது கண்ணுலயே படாது.

நோயோட பிடி நிரந்தரம்னும் நினைக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவுல முயலை குறைக்க 1950ல மிக்சோமா வைரஸை விட்டாங்க, ஆரம்பத்துல பிடிச்ச முயல்ல 99 சதவீதத்துக்கு மேல செத்துச்சு, சில வருஷத்துலயே வைரஸும் வீரியம் குறைஞ்சு முயலும் எதிர்ப்பு வளத்துக்குச்சு.

இடம்

தீனி இருக்கு, எதிரி இல்ல, நோய் இல்ல, ஆனாலும் ஏறலைன்னா இடத்தை பாருங்க. எல்லை பிடிச்சு வாழுற விலங்குல சோதனை சுலபம்: கொஞ்ச ஜோடியை எடுத்துட்டு காலி இடத்துக்கு யார் வர்றாங்கன்னு பாக்கணும். ஆக்ஸ்போர்டு பக்கத்துல வைதம் காட்டுல கிரேட் டிட் குருவியை இப்படி எடுத்தப்போ சீக்கிரமே புது ஜோடிங்க வந்து உக்காந்துச்சு, பெரும்பாலும் சுத்தி இருக்கிற புதர்வேலியில இடம் கிடைக்காம ஓரமா இருந்த இளசுங்க. அதாவது காட்டுக்குள்ள எத்தனை கூடு கட்டும்ங்கிறதை எல்லைச் சண்டை தீர்மானிக்குது. பொந்துல கூடு வெக்கிற பறவைன்னா இன்னும் சுலபம், பெட்டி மாட்டி பாருங்க, ஏறினா பொந்து தான் தட்டுப்பாடு, ஏறலைன்னா வேற எங்கயோ தேடணும்.

மாத்திப் பாருங்க, ஒண்ணொண்ணாவும் சேத்தும்

மேல சொன்ன அடையாளம் எல்லாம் சந்தேகத்தை கூட்டும் குறைக்கும், கையும் களவுமா பிடிக்கிறது சோதனை தான். இதுக்கு நான் எப்பவும் சொல்றது கனடாவுல யூகான் பகுதியில க்ளுவான் ஏரி பக்கம் நடந்த வேலை. அங்க பனிமுயல் ஏறக்குறைய 10 வருஷத்துக்கு ஒருதடவை பெருகி சரியும், லிங்க்ஸ் பூனையும் ஒண்ணு ரெண்டு வருஷம் பின்னாடியே ஏறி இறங்கும், ஹட்சன் பே கம்பெனி தோல் வியாபார கணக்குலயே இந்த அலை தெரியும். சார்லஸ் கிரெப்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 1 சதுர கிலோமீட்டர் அளவுல துண்டு துண்டா காட்டை எடுத்து, சிலதுல தீனி போட்டாங்க, ஒண்ணுல முயல் போய் வரலாம் ஆனா லிங்க்ஸ், கொயோட்டிங்கிற ஓநாய் ஜாதி விலங்கு நுழைய முடியாதபடி மின்வேலி போட்டாங்க, இன்னொண்ணுல ரெண்டையும் செஞ்சாங்க, சிலதை ஒண்ணுமே செய்யாம விட்டாங்க. உச்சத்துலயும் சரிவுலயும் சும்மா விட்ட இடத்தோட ஒப்பிட்டா வேலி மட்டும் போட்டது 2 மடங்கு, தீனி மட்டும் போட்டது 3 மடங்கு, ரெண்டும் சேந்தது 11 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா 6 தானே வரணும்? அதுக்கு மேல வந்ததுன்னா பசியும் வேட்டையும் ஒண்ணை ஒண்ணு பலப்படுத்துதுன்னு அர்த்தம், பசிச்ச முயல் ஆபத்தான இடத்துக்கும் போய் மேயும், பயந்த முயல் சரியா மேயாது, பயத்துல இருக்கிற தாய் போடுற குட்டியும் கம்மி. செத்த முயலை மட்டும் பாத்திருந்தா பெரும்பாலானது வேட்டையில தான் செத்திருக்கு, தீனிக்கு பங்கே இல்லன்னு தோணியிருக்கும்.

அதனால உங்களால முடிஞ்ச அளவுல சின்னதா செஞ்சாலும் நாலு துண்டு வேணும்: ஒண்ணை மாத்தினது, இன்னொண்ணை மாத்தினது, ரெண்டையும் மாத்தினது, எதையும் மாத்தாதது. கடைசி துண்டை விட்டுடாதீங்க, அது இல்லைன்னா மழை நல்லா பெஞ்ச வருஷத்தோட பலனை எல்லாம் உங்க வேலின்னு நினைச்சுப்பீங்க. முடிஞ்சா ஒவ்வொரு வகைக்கும் ஒண்ணுக்கு மேல துண்டு வெச்சுக்கோங்க. வேலியால உள்ள இருக்கிற விலங்கு வெளிய போக முடியாம தடைபட்டாலே எண்ணிக்கை ஏறும், அதையும் பாத்துக்கணும்.

சோதனை செய்யவே முடியாத இடம் நிறைய உண்டு, அங்க தானா நடந்த மாற்றத்தை பிடிச்சுக்கணும். அலாஸ்காவை ஒட்டின அலூஷியன் தீவுகள்ல தோலுக்காக கடல் நீர்நாயை கிட்டத்தட்ட அழிச்சிருந்தாங்க, வேட்டையை தடை பண்ணின 1911 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சில தீவுல திரும்ப வந்துச்சு, சில தீவுல வரல. அந்த ரெண்டு வகை தீவையும் 1970கள்ல ஒப்பிட்டு பாத்தாங்க. நீர்நாய் இருந்த இடத்துல கடலடியில கெல்ப் பாசி காடு மாதிரி நின்னுச்சு, இல்லாத இடத்துல கடல் அர்ச்சின்னு முள்ளுருண்டை மாதிரி உயிரி பெருகி பாசியை மேஞ்சு தரையை மொட்டை ஆக்கியிருந்துச்சு. 1990கள்ல நீர்நாய் திரும்ப குறைய, ஆர்க்கா திமிங்கலம் தின்ன ஆரம்பிச்சதுன்னு அதே ஆளுங்க சொன்னாங்க, அர்ச்சின் உடனே ஏறுச்சு. ஒப்பீடு ரெண்டு தடவை, ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி வந்ததால தான் இதை நம்புறேன்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இடத்துல நடந்த கதையை இவ்ளோ நம்பக்கூடாது. அரிசோனாவுல கைபாப் மேட்டுநிலத்துல 1906லேர்ந்து பூமாவையும் ஓநாயையும் கொன்னதால மான் வெடிச்சு பெருகி பட்டினியில செத்துச்சுன்னு பாடப்புத்தகத்துல பல காலம் போட்டாங்க. 1970ல கிரேம் காஃப்லிங்கிற ஆராய்ச்சியாளர் அந்த எண்ணிக்கையை தோண்டி பாத்து, எண்ணினது எல்லாம் ஆளாளுக்கு ஊகம், அதே சமயத்துல அங்க மேஞ்ச ஆடு மாட்டையும் குறைச்சிருக்காங்க, தீனி கூடினதும் காரணமா இருக்கலாமேன்னு கேட்டார். ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் மாறிட்டா எது காரணம்னு பிரிக்கவே முடியாது. உங்க இடத்துலயும் அந்த வருஷத்துல வேற என்னென்ன மாறுச்சுன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதி பாருங்க, மழை, தீ, மேய்ச்சல், ரோடு, வேட்டை, எண்ணினவங்களே மாறினது உட்பட.

இவ்ளோத்துக்கு அப்புறம் பதில் எழுதும்போது ஒரே வார்த்தையில எழுதாதீங்க. எந்த பருவத்துல, எந்த வயசுல, பிறப்பு வழியாவா சாவு வழியாவா, எந்த அளவுக்கு மேல கூட்டம் போனா இது வேலை செய்ய ஆரம்பிக்குதுன்னு சேத்து எழுதுங்க. கூடவே, அந்த தடையை எடுத்தா எண்ணிக்கை எவ்ளோ ஏறும், எத்தனை வருஷத்துலன்னு முன்கூட்டியே தேதியோட குறிச்சு வெச்சுட்டு எண்ணிக்கிட்டே இருங்க, அப்படி ஏறலைன்னா லிஸ்ட்ல அடுத்த சந்தேகத்துக்கு போகலாம்.